கார்ட்போர்டு விஆரில் சுனாமி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எது வரை காட்டலாம்?

குப்பத்து வாத்தியார்:
வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் அறிவியல் எடுக்கிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட 2004 டிசம்பர் 26-க்கு முன் பிறந்ததில்லை. அவர்களுக்கு அது கடலில் பால் ஊற்றிப் பூப்போடும் நாள், அவ்வளவுதான். அதனால் எங்கள் ஊரையே யூனிட்டி என்ற, விளையாட்டு ஆப்கள் செய்யும் மென்பொருளில் வரைந்து ஒரு சின்ன ஆப் செய்தேன். முதலில் கடல் உள்வாங்கும், பிறகு அலை எழும். போனை அட்டைப்பெட்டியில் செருகிக் கண்ணில் வைத்தால், அந்த இடத்திலேயே நிற்பதுபோல் சுற்றிப் பார்க்கலாம். இதைத்தான் கார்ட்போர்டு விஆர் என்கிறார்கள்.

ஆறு போனில் சோதித்தேன். நான்கில் தலையைத் திருப்பினால் காட்சி ஒழுங்காகத் திரும்பவில்லை. ஓடுவதுபோல் காட்சியை நகர்த்தினால் இரண்டே நிமிடத்தில் பிள்ளைகளுக்குக் குமட்டுகிறது. இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒரு மாணவி பெட்டியைக் கழற்றிவிட்டு, "சார், எங்க ஆயா இப்படித்தான் போச்சா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அலை வரும் காட்சியை வைக்கலாமா, எடுத்துவிடவா?

யூனிட்டி தம்பி:
சார், அந்த நான்கு போனிலும் கைரோஸ்கோப், அதாவது போன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரும் கருவி, இருக்காது. விலை குறைந்த போன்களில் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். குமட்டலுக்குக் காரணம், கண் ஓடுகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ 'நிற்கிறேன்' என்கிறது. காட்சியை நகர்த்தவே வேண்டாம். ஐந்தாறு இடம் குறித்து, ஒன்றை உற்றுப் பார்த்தால் அங்கே போய் நிற்பதுபோல் மாற்றுங்கள்.

இன்னொன்று, கேமரா உயரத்தைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு, 1.3 மீட்டர் அளவுக்கு இறக்குங்கள். பெரியவர் இடுப்புக்கு வரும் தண்ணீர் பிள்ளைக்கு நெஞ்சுக்கு வரும். தரையின் உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் தரவை, அதாவது விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த உயரக் கணக்கை, நம்பாதீர்கள். 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், கூரையும் மரமும் தரையோடு சேர்ந்து வரும். சுவரில் தண்ணீர் நின்ற உயரம் பழைய ஆட்களுக்குத் தெரியும், அவர்களைக் கேளுங்கள்.

கடலியல் மாணவி:
ஐயா, கடல் உள்வாங்குவதை முதல் அறிகுறியாக வைத்திருக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து மாற்றுங்கள். அன்று தாய்லாந்தில்தான் கடல் முதலில் பின்வாங்கியது. சுமத்ராவுக்கு மேற்கே கடல்தரை மேலெழுந்ததால் நம் கரைக்கு முதலில் வந்தது ஏறும் நீர். கடல் வற்றட்டும், அப்புறம் ஓடலாம் என்று ஒரு பிள்ளை நின்றுவிடக் கூடாது. முதல் அலையோடு முடிந்துவிடாது என்பதையும் சேருங்கள். நிலநடுக்கம் காலை ஆறரை மணிக்கு, அலை வந்தது ஒன்பது மணிவாக்கில். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, சொல்ல ஆள் இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல். இன்று அந்த நேரம் நமக்குக் கிடைக்கும், அதை வைத்தே கதையைக் கட்டலாம்.

அக்கரை அக்கா:
தம்பி, நான் அன்று மீன் வாங்கக் கரையில் நின்றவள். அலை சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு அன்று தெரியாமல் போனது அலை எப்படி இருக்கும் என்பதில்லை, எந்தச் சந்து மேட்டுக்குப் போகும் என்பதுதான். பாதிப் பேர் ஓடியது முட்டுச்சந்துக்குள். வழியைக் காட்டுங்கள். அந்தப் பெண் கேட்டதற்கு, "ஆமாம்மா, உன் ஆயாவுக்கு யாரும் சொல்லவில்லை, உனக்கு நாங்கள் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள்.

குப்பத்து வாத்தியார்:
அக்கா, அப்படியே அவளிடம் சொன்னேன். அலையை எடுத்துவிட்டேன். இப்போது அறிவிப்புச் சத்தத்தில் தொடங்கி, பள்ளி வாசலிலிருந்து மேடு வரை ஏழு இடங்கள். சனிக்கிழமை பிள்ளைகளோடு டேப் பிடித்து அந்த வழியை அளக்கப் போனோம். மூன்றாவது சந்தின் முனையில் புதிதாக ஒரு மதில் எழும்பியிருக்கிறது, ஆள் நுழைய இடமில்லை. ஆப்பில் அந்தச் சந்து இன்னும் திறந்தே கிடக்கிறது. பஞ்சாயத்துக்கு மனு எழுதியிருக்கிறோம், முதல் கையெழுத்து அவளுடையது.