அப்பா தவறி ரெண்டு மாசம்: அம்மாவை எப்படிப் பார்த்துக்கிறது?

உசிலம்பட்டிக்காரன்:
கருமாதி வரைக்கும் வீடு நிறைய ஆள் இருந்தாங்க, அம்மா சமாளிச்சாங்க. இப்ப ஒரு வேளைதான் சாப்பாடு. சர்க்கரை மாத்திரை மட்டும் தவறாமப் போடுறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கே முழிச்சிடுறாங்க. அப்பா செருமுற சத்தம் கேட்குதுங்கிறாங்க. "அழ விடாதீங்க, அவர் சாமானையெல்லாம் அப்புறப்படுத்துங்க"ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. சரியா? டாக்டர்கிட்ட எப்பக் காட்டணும்?

திருமங்கலம் செவிலி:
தம்பி, முதல்ல மாத்திரை அட்டையைப் பாருங்க. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடுன்னு இருந்தா சாப்பிடாம போடவே கூடாது. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும்; வயித்துல ஒண்ணும் இல்லேன்னா சர்க்கரை 70க்குக் கீழ இறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும். துக்கத்துல இப்படி இருக்காங்கன்னு வீட்டுல விட்டுடுவாங்க, எனக்குப் பயமே அதுதான். அப்படி வந்தா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மீட்டர்ல பாருங்க, ஏறலேன்னா அதே அளவு மறுபடி. நினைவு இல்லேன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

தட்டைப் போட்டு வச்சுட்டுப் போகாம கூட உக்காந்து சாப்பிடுங்க. ஒரு இட்லி, கொஞ்சம் மோர்ச்சோறுன்னு நாலஞ்சு தடவையா குடுங்க. தூக்க மாத்திரையைக் கடையில நேரா வாங்கிடாதீங்க. வயசானவங்க அந்த மயக்கத்துல பாத்ரூம் போறப்ப விழுந்து இடுப்பை ஒடிச்சுக்குவாங்க.

வைகைக்கரை:
செருமல் சத்தம் கேட்குறது பைத்தியம் இல்லை. துணையை இழந்த நிறையப் பேருக்கு அப்படித் தோணும். அழ விடாதீங்கன்னு சொல்றதுதான் தப்பு. நம்ம பக்கத்து ஒப்பாரியே செத்தவரோட குணத்தையும் செஞ்சதையும் சொல்லி அழுறதுதானே? "கவலைப்படாதீங்க"ன்னு சொல்றதுக்குப் பதிலா, "அந்தத் தோட்டத்துக் கிணத்தை அப்பா எப்ப வெட்டுனார்?"னு கேளுங்க. பேசுவாங்க, அழுவாங்க, அழட்டும்.

சாமானை அம்மா சொல்லாம எடுக்காதீங்க. அப்பாவோட மருந்து மிச்சத்தை மட்டும் உடனே அப்புறப்படுத்துங்க. அப்பா நம்பரை ரீசார்ஜ் பண்ணி வைங்க; பேங்க் ஓடிபி அதுலதான் வரும், விட்டுட்டா நம்பர் வேற ஆளுக்குப் போயிடும். வாட்ஸப்ல இருக்குற அவர் குரலை இப்பவே வேற போன்ல ஏத்தி வைங்க.

முதல் தீபாவளி, பொங்கல், திதி வர்றப்பெல்லாம் துக்கம் திரும்ப ஏறும். அன்னைக்கு யார் கூட இருக்கிறதுன்னு ஒரு வாரம் முன்னாடியே பேசி வைங்க.

மனநல ஆலோசகர், மதுரை:
ரெண்டு மாசத்துல இதை நோய்னு சொல்ல மாட்டோம். துக்கம் குறைஞ்சது எவ்வளவு நாள் நீடிச்சா நோய்னு சொல்லலாம்ங்கிறதை உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 நோய்ப் பட்டியல் ஆறு மாசம்னு வரையறுக்குது. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் 2022-ல பெரியவங்களுக்கு ஒரு வருஷம்னு வந்துச்சு. அலை மாதிரி வந்து, நடுவுல பேரப்புள்ளைகளோட பேச்சு வந்தா அது துக்கம். நாள் முழுக்க வெறுமை, "நான் எதுக்கும் உதவாதவ"ங்கிற பேச்சுன்னா காத்திருக்காம அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க.

"நானும் போயிடுறேன்"னு சொன்னா, சாகணும்னு தோணுதாம்மான்னு நேராவே கேளுங்க. கேட்டா எண்ணம் வந்துடாது. பூச்சிமருந்து, மாத்திரை டப்பா ரெண்டையும் வீட்டை விட்டு வெளியேத்துங்க, அன்னன்னைக்குப் போடுறதை மட்டும் கையில குடுங்க. அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

உசிலம்பட்டிக்காரன்:
அட்டையில கிளிமிபிரைடுதான். இன்னைக்கு ராத்திரி என்ன பண்ணட்டும் அக்கா?

திருமங்கலம் செவிலி:
சோத்தை முன்னாடி வச்சு, சாப்பிட ஆரம்பிச்சப்புறம் மாத்திரையைக் குடுங்க. அந்த வேளை சாப்பாடே இல்லேன்னா அந்த வேளை மாத்திரையும் வேண்டாம். நாளைக்குக் காலையில சர்க்கரை பார்த்து எழுதி, அதோட டாக்டரைப் பாருங்க.