புலி முதுகில் தலைவைத்து உறங்கினார்களா?

தக்கலை வாசகி (கேள்வி):
பத்மநாபபுரம் அரண்மனையிலுள்ள சீனப் பரணிகளைப் பார்த்து வந்ததிலிருந்து சீன மண்கலங்களைப் பற்றிப் படித்துவருகிறேன். அண்மையில், படுத்திருக்கும் புலியின் வடிவிலான சுட்ட மண் தலையணை ஒன்றைப் படத்தில் கண்டேன். 12ஆம் நூற்றாண்டு, ஜின் வம்சக் காலத்ததாம். செம்மஞ்சள் உடலில் கறுப்பு வரிகள். முதுகு மட்டும் வெள்ளையாகத் தட்டையாக, அதில் ஒரு பறவைச் சித்திரம். இலவம் பஞ்சு சற்று இறுகினாலே நமக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இதில் உண்மையாகவே உறங்கினார்களா, இறந்தவரோடு புதைப்பதற்கென்று செய்தார்களா?

நாகர்கோவில் வாசகர்:
உறங்கினார்கள், அம்மா. கல்லறைகளிலும் இவை கிடைப்பதால்தான் இந்த ஐயம் எழுகிறது. ஆனால் வட சீனாவின் ஹெபெய் பகுதியிலுள்ள ஜூலு என்ற ஊர் 1108இல் மஞ்சளாற்று வெள்ளத்தில் வண்டலுக்கடியில் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தோண்டியபோது, வீடுகளில் புழங்கிய கிண்ணங்கள், குடுவைகளோடு தலையணைகளும் வெளிவந்தன. கோடை இரவில் மெருகிட்ட பரப்பு குளிர்ச்சி தரும் என்பதே அதன் அருமை. பீங்கான் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், நீங்கள் கண்ட சிஜோ வகை, மங்கிய நிறக் களிமண்ணின்மேல் வெண்களிமண் பூசிச் சுட்ட கெட்டியான கலமே.

தோவாளை வட்டம், மண்பாண்டத் தொழிலாளி:
படத்தைப் பெரிதாக்கி உடலில் எங்கேனும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பொள்ளலான உருவத்தை முழுவதும் மூடிச் சூளையில் வைத்தால், சூடேறிய காற்றும் ஈரமும் வெளியேற வழியின்றி வெடித்துவிடும். கோயில் நேர்ச்சைக்குச் செய்யும் மண் குதிரைக்கும் நாங்கள் துளை விடுவதுண்டு.

தக்கலை வாசகி:
நாசித் துளைகளையே அப்படி விட்டிருக்கிறார்கள், ஐயா! இவ்வளவு நாள் அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் ஏன் புலி?

நாகர்கோவில் வாசகர்:
தீயவை அண்டாதிருக்கத்தான். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் நம் வீடுகளில் இரும்பு வைப்பதைப் போன்றது. 1060இல் முடிக்கப்பட்ட 'புதிய தாங் வரலாறு' என்ற சீன நூல், தாங் வம்சத்து வெய் பேரரசியின் தங்கை தீமையை விலக்கச் சிறுத்தைத் தலையணையும், ஆண்பிள்ளை வேண்டிக் கரடித் தலையணையும் வைத்திருந்ததாகக் கூறுகிறது. அவை மண்ணால் ஆனவையா என்பதை அது சொல்லவில்லை. சிங்க வடிவத் தலையணைகளும் பல உண்டு. கரடியை மட்டும் நான் இதுவரை படத்தில்கூடக் கண்டதில்லை.