மறு: கெரட்டோகோனஸ் - கூம்புவிழியா, கூம்புக் கருவிழியா?

அன்பர்களுக்கு வணக்கம். கருவிழி மெலிந்து கூம்பாக முன்னே புடைக்கும் கெரட்டோகோனஸ் என்ற கண் கோளாறுக்கும், அது தொடர்பான சொற்களுக்கும் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> 'கூம்புவிழி' என்றே வைத்துக்கொள்ளலாமே, ஐந்தெழுத்தில் முடிந்துவிடும்.

சுருக்கம் நல்லதுதான் ஐயா. ஆனால் தமிழ் படித்த காதுக்கு அது வினைத்தொகையாகக் கேட்கிறது. தாமரை கூம்புவதைப் போலக் கூம்பிய விழி, அதாவது மூடிய கண். இன்னொரு சிக்கல், விழித்திரையில் நிறத்தை அறியும் செல்களைப் பள்ளிப் பாடத்தில் 'கூம்பு செல்கள்' என்றுதான் படிக்கிறோம். கூம்புவிழி என்றால் நிறக்குருடா என்று ஒரு மாணவன் கேட்டால் அவன்மேல் தப்பு சொல்ல முடியாது.

ஆகவே என் வாக்கு 'கூம்புக் கருவிழி'க்கு. நடுவில் உள்ள 'க்' போனால் மறுபடி வினைத்தொகைதான். மெய்ப்புப் பார்ப்பவர்கள் அதன்மேல் கை வைக்க வேண்டாம்.

கண்ணின் முன்கண்ணாடி போன்ற அந்தப் படலம் (கார்னியா) நிறமற்றது, அதைக் 'கருவிழி' என்பது பிழை என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், கருமை தெரிவது பின்னால் இருக்கும் கதிராளி என்ற நிறத்திரையால். ஆனால் கருவிழிப் புண், கருவிழி மாற்று அறுவை சிகிச்சை என்று மருத்துவமனைகளில் சொல் வேரூன்றிவிட்டது. அதற்குப் பாடநூல் தரும் 'விழிவெண்படலம்' என்ற பெயரை எடுத்தால், மெட்ராஸ் ஐக்கு 'விழிவெண்படல அழற்சி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், குழப்பம் இரட்டிப்பாகும். கெரட்டோகோனஸின் கிரேக்க வேர்ச்சொல் பார்த்து 'கொம்புக்கூம்பு' என்று ஒருவர் பரிந்துரைத்ததை விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். ஜான் நாட்டிங்காம் 1854-இல் இந்தக் கோளாறைப் பற்றித் தனி நூல் எழுதியபோது அவரும் 'கூம்பு வடிவக் கருவிழி' என்ற பொருள்படத்தான் ஆங்கிலத்தில் சொன்னார்.

கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது என் வேலை. இந்தப் பெயரை முதலில் கேட்பவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளையும் அதன் தாயும். அதுவரை கண்ணாடிக் கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவர் மாறியிருக்கும், சிலிண்டர் (கருவிழி வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) ஏறிக்கொண்டே போயிருக்கும். புதுக் கண்ணாடி போட்டும் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழலெழுத்து, இரவில் எதிர்வண்டி விளக்கு கோடாக இழுக்கும். விழித்திரைமானியின் ஒளியைக் கண்ணில் அடித்து அசைத்தால், உள்ளே இருந்து வரும் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து கத்தரிக்கோலின் அலகுகளைப் போலத் திறந்து மூடும். இதற்கு இழையில் வந்த 'கத்தரி நிழல்' அருமை, அப்படியே ஏற்கலாம். கீழே பார்க்கச் சொன்னால் கீழிமை ஆங்கில 'வி' (V) வடிவில் புடைப்பது முற்றிய நிலையின் அடையாளம். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கருவிழியின் வளைவைப் படமெடுக்கும் 'டோப்போகிராபி'யில் அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். அதைக் 'கருவிழி வரைபடம்' என்றால் போதும். படத்தில் நடுவுக்குச் சற்றுக் கீழே, வளைவு அதிகமான இடத்தைக் காட்டும் சிவப்புத் திட்டு இருக்கும். இயல்பான கருவிழி நடுவில் சுமார் 540 மைக்ரான் (அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்) தடிமன். இங்கே அது மெலிந்து, கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் முன்னே தள்ளுகிறது.

அப்புறம் 'கிராஸ்லிங்கிங்'. 'குறுக்குப் பிணைப்பு' வேதியியலில் சரி. ரிபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புறஊதா 'ஏ' ஒளியைப் பாய்ச்சி, கொலாஜன் இழைகளுக்கிடையே பிணைப்பை உண்டாக்கும் முறை இது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவாகி, நோயாளிகளிடம் கிடைத்த முதல் முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. ஆனால் அதைச் செய்துகொண்டால் கண்ணாடி போய்விடும் என்று நம்பி வருகிறார்கள். அது கோளாறு மோசமாவதைத் தடுத்து நிறுத்துவதற்கான சிகிச்சை, பார்வையைத் திருப்பித் தர அல்ல. அதனால் 'கருவிழி உறுதியாக்கம்' என்பேன். வழக்கமான முறைக்குக் கருவிழி ஏறத்தாழ 400 மைக்ரானாவது இருக்க வேண்டும். தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு நழுவலாம்.

பார்வைக்கு லென்ஸ்தான். 'ஹார்டு லென்ஸ்' எல்லோருக்கும் தெரியும், மாற்ற வேண்டாம். ஸ்கிளீரல் லென்ஸ் கருவிழியைத் தொடாமல், இடையில் உப்புநீரைத் தேக்கி, வெண்விழிமேல் உட்காரும். 'வெண்விழி லென்ஸ்' என்று சொன்னால் நோயாளிக்குப் பாதி விளக்கம் கிடைத்துவிடும். கருவிழியின் உள்படலம் கிழிந்து நீர் புகுந்து திடீரென்று கண் வெளுத்து மங்குவதற்கு 'நீர்க்கோவை' வேண்டாம், சளிப்பிடிப்பு என்று நினைப்பார்கள். 'கருவிழி நீர்வீக்கம்' போதும்.

'கண் தேய்ப்பு' என்ற பரிந்துரைக்கு மட்டும் என் கடும் எதிர்ப்பு. கண்ணைக் கசக்காதே என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தக் 'கசக்குதல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ஒவ்வாமை அரிப்பால் பிள்ளைகள் விரல் முட்டியை வைத்து அழுத்திக் கசக்குவது இந்தக் கோளாறோடு நெருங்கிய தொடர்புடையது. துண்டுப்பிரசுரத்தின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும். குளிர்ந்த ஒத்தடம், மருத்துவர் தரும் ஒவ்வாமைச் சொட்டு மருந்து இவையே வழி. மருந்துக் கடையில் தானாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுவது கண்ணழுத்த நோயிலும் புரையிலும் கொண்டுவிடும்.

கருவிழி முழுவதும் மெலிந்து உருண்டையாகப் புடைக்கும் கெரட்டோகுளோபஸுக்கு, அதே அச்சில் 'கோளக் கருவிழி'. கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசிக் என்ற லேசர் அறுவைக்குப் பின் வருவது உட்பட, இப்படிக் கருவிழி மெலிந்து புடைக்கும் கோளாறுகள் மொத்தத்துக்கும் பொதுப்பெயர் 'கருவிழிப் புடைப்பு'. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இலங்கை மருத்துவமனைகளில் எந்தச் சொல் புழங்குகிறது என்று அங்குள்ள நண்பர்கள் சொன்னால், அதையும் பட்டியலில் பக்கத்திலேயே போட்டுவிடலாம்.