லிப் பாமை இமை முடியில் தடவலாமா?

திருப்பூர் செக்கிங் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஓட்டை, கறை, பிசிறு பார்த்து ஒதுக்குகிற வேலை. டியூப் லைட்டுக்கு அடியில் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். பஞ்சுத் தூசி புருவம், இமை எங்கேயும் விடாது. ஆடிக் காற்றும் சேர்ந்துவிட்டால் சாயங்காலம் கண் இரண்டும் காய்ந்து எரியும்.

ஹாஸ்டலில் என் அறையில் இருக்கிற பெண் உதட்டுக்குப் போடுகிற லிப் பாமையே விரலில் தொட்டு இமை முடியிலும் இழுத்துவிடுகிறாள். முடி கருகருவென்று பளபளப்பாகத் தெரிகிறது. போன் வீடியோ ஒன்றில், இப்படிச் செய்தால் முடி நீளமாக வளரும் என்றும் சொன்னார்கள். ஆவணியில் அண்ணன் கல்யாணம். மஸ்காரா எனக்கு உறுத்தும், அதனால் இதைப் போடலாமா என்று யோசிக்கிறேன். என்னிடம் இருப்பது புதினா வாசனை அடிக்கிற குச்சி பாம் ஒன்று, சின்ன டப்பாவில் ஸ்ட்ராபெர்ரி பாம் ஒன்று. எது நல்லது? கண்ணாடி போடுகிறவள், கல்யாணத்தன்று மட்டும் கான்டாக்ட் லென்ஸ் போடலாம் என்றும் ஒரு எண்ணம்.

அந்தியூர் அக்கா:

அதெல்லாம் எதுக்கு அம்மிணி? ராத்திரி படுக்கும்போது விளக்கெண்ணெயை ஒரு சொட்டு எடுத்து இமையில் தடவிக்கொண்டு படு. எங்கள் அம்மாயி விளக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்துத்தான் எங்களுக்கெல்லாம் மை போட்டு வளர்த்தார். இமை எல்லாம் அடர்த்தியாகத்தான் இருக்கிறது.

பெருந்துறை மருந்துக்கடை:

கண்ணு, அந்த இரண்டு பாமையும் உதட்டோடு நிறுத்திக்கொள். சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும். பல வருஷம் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கேள்வி கடைக்கும் வருகிறது.

முதலில் பாமின் பின்பக்கத்தைத் திருப்பிப் படி. புதினா வாசனை என்றால் உள்ளே மென்தால் இருக்கும், சிலவற்றில் கற்பூரமும் சேர்த்திருப்பார்கள். தைலம் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கிப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஸ்ட்ராபெர்ரியில் மென்தால் இல்லாமல் இருக்கலாம், ஆனால் வாசனையும் சாயமும் இருக்கும். ரப்பைத் தோல் உடம்பிலேயே மெல்லிய தோல், வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அரித்துச் சிவந்து வீங்கிவிடும். எஸ்.பி.எஃப். போட்ட பாமில் வெயிலைத் தடுக்கும் ரசாயனங்கள் இருக்கும், அவை கண்ணுக்குள் இறங்கினால் எரியும். நம் ஊர் வெக்கையில் பாம் இமையிலேயே நிற்காது, இளகி உள்ளே இறங்கத்தான் செய்யும்.

இதைவிட நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. அந்தக் குச்சி ஏற்கெனவே உன் உதட்டில் பட்டது. காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் கொப்புளமாக வருமே, அது ஹெர்பிஸ் வைரஸ். அந்தக் கொப்புளத்தைத் தொட்ட பாம் கண்ணில் பட்டால் வைரஸும் கூடவே வரலாம். கருவிழியில் புண் வந்து, தழும்பாகிப் பார்வை மங்கியவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். உன் அறைப் பெண் டப்பாவுக்குள் விரல் விட்டு, உதட்டுக்கும் இமைக்கும் அதையே தடவுகிறாள் என்றால் அவளிடமும் சொல். நீங்கள் இருவரும் ஒரே டப்பாவில் விரல் விடுவதாக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

முடி வளருமா என்றால், வளராது. பெட்ரோலியம் ஜெல்லியோ பாமோ முடியின் மேல் ஒரு படலமாக உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஒளிபட்டுக் கருப்பாகத் தெரியும், அவ்வளவுதான். வேர் தோலுக்குள்ளே இருக்கிறது. இமை முடியை வளர்ப்பதாக நிரூபித்து அமெரிக்காவில் 2008-இல் அனுமதி வாங்கிய மருந்து பிமாட்டோப்ராஸ்ட். அது முதலில் கண் அழுத்த நோய்க்கு வந்த சொட்டு மருந்து. ரப்பை கருத்துப்போகலாம், கண் பாப்பாவைச் சுற்றியுள்ள வளையத்தின் நிறமும் மாறலாம், அந்த நிறம் திரும்பி வராமலும் போகலாம். வீடியோ பார்த்துவிட்டு அதைக் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டு போகிறார்கள், போகட்டும்.

அந்தியூர் அக்கா தப்பாக நினைக்க வேண்டாம். விளக்கெண்ணெயும் மினுக்கம்தான் தரும், வளர்த்ததற்குச் சான்று இல்லை. செக்கில் ஆட்டி பாட்டிலில் ஊற்றி வைத்த எண்ணெய் கண்ணுக்குள் விடுகிற சுத்தத்தில் இருக்காது. விளக்குக் கரியும் வேண்டாம்.

பளபளப்பு வேண்டும் என்றால் வாசனை, சாயம், மென்தால் எதுவும் சேராத வெறும் வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி போதும். கண் வறட்சிக்கு ராத்திரியில் போட எழுதிக்கொடுக்கும் களிம்புகள் பலவற்றிலும் அடிப்படையே இந்த வெள்ளை ஜெல்லிதான், அவற்றைக் கிருமி நீக்கித் தயாரிப்பார்கள் என்பது வித்தியாசம். டப்பா வேண்டாம், டியூபாக வாங்கு, இமைக்கென்று தனியாக வை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான பட்ஸில் எள்ளளவு எடுத்து, முடியின் நடுவிலிருந்து நுனிக்கு மட்டும் இழு. வேரில் படக் கூடாது. முடி முளைக்கிற வரிசைக்குச் சற்று உள்ளே, ரப்பை ஓரத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. மேல் ரப்பையில் 25 முதல் 40, கீழே 20 முதல் 30 வரை. கண்ணீர் சீக்கிரம் காயாமல் காப்பது அந்த எண்ணெய்தான். வாய் அடைத்தால் கட்டி கிளம்பும்.

ஆனால் ஒன்று, வேலைக்குப் போகும்போது போடவே போடாதே. பஞ்சு பறக்கிற இடத்தில் இமை பிசுபிசுவென்று இருந்தால் வருகிற தூசியெல்லாம் அங்கேதான் ஒட்டும், அப்புறம் நீ கசக்குவாய், கசக்கினால் இருக்கிற முடியும் போகும். லென்ஸ் போடுகிற நாளிலும் வேண்டாம், பிசுக்கு லென்ஸில் படிந்து மங்கலாகும். ஒரு நாள் கூத்துக்கு லென்ஸ் என்றாலும் கண்ணைப் பரிசோதித்து அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கோவை பார்லர்:

மருந்துக்கடை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கல்யாணத்துக்கு இமை முடி ஒட்டுகிற யோசனை இருந்தால் ஜெல்லி, எண்ணெய் எதுவும் தொடக்கூடாது, பசை பிடிக்காது. உறுத்துகிற கண்ணுக்கு ஒட்டு முடியே வேண்டாம் என்பேன். ஐலாஷ் கர்லரால் மெதுவாக ஒரு தரம் அழுத்தி வளைத்துவிட்டாலே போட்டோவில் கண் பெரிதாகத் தெரியும். ஜெல்லி தடவுவதற்கு முன்னால் வளைக்க வேண்டும், தடவிய பின் வளைத்தால் வழுக்கும்.

திருப்பூர் செக்கிங் பொண்ணு:

ரொம்ப நன்றிங்க அக்கா. புதினா பாமில் மென்தால் என்றே போட்டிருக்கிறது. இன்னொன்று கேட்கணும். காலையில் எழுந்தால் இமை வேரில் பொடுகு மாதிரி செதிலாக ஒட்டியிருக்கிறது, கொஞ்சம் பீளையும். முகம் கழுவும்போது முடியும் கொட்டுகிறது. பஞ்சுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெல்லி போட்டால் இது சரியாகுமா?

பெருந்துறை மருந்துக்கடை:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி எழுதியிருக்க மாட்டேன், அம்மிணி! வேரில் செதில், பீளை, முடி கொட்டுதல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது ரப்பை ஓர அழற்சியாக இருக்கலாம், பிளெஃபரைட்டிஸ் என்பார்கள். மஸ்காரா உறுத்துவதற்கும் சாயங்காலம் எரிவதற்கும் அதுவும் காரணமாக இருக்கும். அதன் மேல் ஜெல்லியைப் பூசினால் செதில் அடியிலேயே தங்கிவிடும். இப்போதைக்கு எதையும் தடவாதே.

சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, கண்ணை மூடிக்கொண்டு 5 முதல் 10 நிமிஷம் ஒத்தடம் கொடு. சூடு ஆறினால் மறுபடி நனைத்துக்கொள். பிறகு ஈரப் பட்ஸால் ரப்பை ஓரத்தை இதமாகத் துடை, நகத்தால் செதிலைச் சுரண்டாதே. காலையும் ராத்திரியும் செய்யலாம். அதோடு கண் டாக்டரையும் பார்த்தாக வேண்டும். இமையில் உண்ணி வகைச் சிற்றுயிர் பெருகினாலும், தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும், அதையெல்லாம் பார்த்துச் சொல்ல அவரால்தான் முடியும். மெடிக்கலில் நீயாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கிவிடாதே. பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினாலோ, வலித்தாலோ லீவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போ.

கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் கார்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போ, அங்கிருந்து கண் டாக்டருக்கு எழுதித் தருவார்கள். ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கண்ணாடி பவரையும் அப்படியே பார்த்துக்கொண்டு வந்துவிடு.