புதுப்பிப்பு: பிச்சாவரம் போய் வந்துவிட்டோம்

மே வெயிலில் சிதம்பரத்து நண்பன் வீட்டுக்குப் பிள்ளைகளோடு போகிறோம், ஒரு நாள் சுற்றிவர பிச்சாவரம் சதுப்புநிலக் காடு சரிப்படுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். விடியலிலேயே கிளம்புங்கள், துடுப்புப் படகையே எடுங்கள் என்று பலர் சொன்னீர்கள். அப்படியே செய்தோம். உங்களுக்கெல்லாம் மனமார்ந்த நன்றி.

சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர்தான். அகலமான நீர்ப்பரப்பைத் தாண்டி ஒரு சின்னக் கால்வாய்க்குள் படகு நுழைந்ததும் வெயில் சட்டென்று காணாமல் போனது. இரண்டு பக்கத்துச் சுரபுன்னை மரங்களும் தலைக்கு மேலே கைகோத்து நின்றன. வேர்கள் கிளையிலிருந்து இறங்கிச் சேற்றில் கால் ஊன்றியிருந்தன. ஒரு வேரில் விரல்நகம் அளவு நண்டு ஒன்று ஏறியது. சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். பெரியவன் ஒரு இலையைப் பறிக்கப் போனான். படகுக்காரர் தடுத்தார்: "வேணாம் தம்பி, அது தில்லை. பால் கண்ணுல பட்டா ஆபத்து." சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான் என்று நண்பன் சொன்னபோது பையன் வாயைப் பிளந்தான்.

2004 சுனாமியில் பக்கத்து ஊர்களை இந்தக் காடு காத்ததையும் படகுக்காரர் சொன்னார். துடுப்பைக்கூட நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்.

அப்புறம் வீடு திரும்பி, நண்பனின் அம்மா கையால் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பிள்ளைகள் தட்டு முன்னாலேயே தூங்கிவிட்டார்கள்.