மின்சார பம்பில் பால் வரவில்லை: எந்த அளவு புனல் வாங்குவது?

மன்னார்குடிக்கு அருகில் வசிக்கும் நான், மூன்று மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வருகிறேன். அடுத்த மாதம் தஞ்சாவூரில் வேலைக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், பகலில் பாலாடையில் புகட்டுவதற்குப் பாலைக் கறந்து வைக்க, ஒருபக்க மின்சார பம்ப் வாங்கினோம். குழந்தை குடிக்கும்போது விழுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, எடையும் நன்றாகக் கூடுகிறது. பம்பை வைத்தாலோ, கால் மணி நேரமானாலும் புட்டியின் அடி நனைவதோடு சரி.

உடன் வந்த, மார்பில் பொருத்தும் புனலின் குழாய் விட்டம் 24 மில்லிமீட்டர். இயங்கும்போது காம்போடு கருவளையத்தின் பெரும்பகுதியும் குழாய்க்குள் இழுபடுகிறது. எடுத்துப் பார்த்தால் காம்பைச் சுற்றி வெளிறிய வளையம் பதிந்திருக்கிறது, எரிச்சலும் நெடுநேரம் அடங்குவதில்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மார்பை மெல்ல நீவிவிட்டு, வேகமான தூண்டல் நிலையில் தொடங்கி மெதுவான நிலைக்கு மாற்றிப் பார்த்தேன். ரப்பர் வால்வையும் புதிதாக மாற்றியாயிற்று. இழுவிசையைக் கூட்டினால் வலிதான் கூடுகிறது. மாமியார் அக்கறையோடு பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் செய்து தருகிறார். ஆனால் கையால் கறந்தால் அதே மார்பிலிருந்து பால் பீய்ச்சி வருவதால், குறை சுரப்பில் இல்லை, புனலின் அளவில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். அளந்து பார்த்ததில், காம்பின் அடிப்பகுதி விட்டம் 16 மில்லிமீட்டர்.

வாங்கிய கடையில் வேறு அளவு இல்லாததால் வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். புனலுக்குள் செருகி அதன் குழாயைச் சிறிதாக்கும் 17, 19, 21 மில்லிமீட்டர் உள்வளையங்களில் எதை நான் முதலில் வாங்க வேண்டும்?