16 சேனல் அளவீட்டில் ஒரு பேட்டரியின் மின்னழுத்தம் அடுத்த சேனலில் தெரிவது ஏன்?

கேள்வி (ஆரல்வாய்மொழி)
எங்கள் பட்டறைக்குச் சார்ஜ் ஏற்ற வரும் 12 வோல்ட் பேட்டரிகளை 16 சேனல் மல்டிபிளெக்சர் (பல உள்ளீடுகளில் ஒவ்வொன்றாகத் தேர்ந்து இணைக்கும் சில்லு) வழியாக ஒன்றன்பின் ஒன்றாக அளக்கிறோம். ஒவ்வொரு சேனலிலும் 300 கிலோஓம், 100 கிலோஓம் மின்தடைகள் மின்னழுத்தத்தைக் கால் பங்காகக் குறைத்து 12 பிட் ஏடிசிக்கு (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லு) அனுப்புகின்றன. சேனல் மாறிய 20 மைக்ரோவினாடியில் அளவு எடுக்கப்படுகிறது. பேட்டரி மாட்டாத ஏழாம் சேனல் சுழியைக் காட்டாமல் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. மழைக்காலக் காலைகளில் எல்லாச் சேனல்களிலும் அளவு சற்றுக் குறைகிறது. மல்டிபிளெக்சரை மாற்றியும் பயனில்லை. எங்கே தேட வேண்டும்?

பதில் (நாகர்கோவில்)
ஐயா, முதலில் ஆறாம் சேனலின் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். ஏழாம் சேனல் உடனே சுழிக்கு இறங்கினால், நீங்கள் அளப்பது முந்தைய சேனல் விட்டுச்சென்ற மின்னூட்டத்தையே. மல்டிபிளெக்சர், கம்பி, ஏடிசி ஆகியவற்றின் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன்) சேர்ந்து 100 பிக்கோஃபாரட் என்று கொண்டால், பேட்டரி இல்லாத சேனலில் அது 100 கிலோஓம் வழியாக மட்டுமே வடிய முடியும். அதன் கால மாறிலி, அதாவது மின்னழுத்தம் ஏறத்தாழ 37 விழுக்காடாக இறங்க ஆகும் நேரம், 10 மைக்ரோவினாடி. இரண்டு கால மாறிலிகளுக்குப் பிறகும் 13.5 விழுக்காடு மிஞ்சும். 13 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1.75 வோல்ட், அதாவது உங்கள் ஏழாம் சேனல் காட்டும் அளவுதான். 12 பிட் துல்லியத்துக்கு ஒன்பது கால மாறிலிகளாவது காத்திருக்க வேண்டும் என்பதால், 200 மைக்ரோவினாடி இடைவெளி விடுங்கள். சார்ஜரின் அலைவு நீங்க, அதே சேனலில் 20 மில்லிவினாடிக்கு, அதாவது 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்றுக்கு, சராசரி எடுப்பது நல்லது.

பதில் (குளச்சல்)
மழைக்காலக் குறைவுக்குக் காரணம் வேறு. சாலிடரிங் ஃபிளக்ஸ் (பற்றவைக்க உதவும் பசை) கழுவப்படாத பலகையில் உப்புக்காற்றின் ஈரம் படிந்து, 100 கிலோஓமுக்கு இணையாக 10 மெகாஓம் கசிவு உண்டானாலே அளவு முக்கால் விழுக்காடு குறையும். கடலோரத்தில் வேலை செய்யும் எவரும் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. பலகையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே பாதுகாப்புப் பூச்சுக் கொடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் கசிவு உள்ளேயே தங்கிவிடும்.

கேட்டவர்
ஆறாம் பேட்டரியைக் கழற்றியதும் ஏழாம் சேனல் சுழிக்கு வந்தது. இடைவெளியைக் கூட்டியபின் கலப்பே இல்லை. பலகையைக் கழுவிவிட்டேன், பூச்சு இனிதான். ஆனால் சார்ஜ் ஏறும்போது மட்டும் சில சேனல்கள் 0.1 வோல்ட் கூடுதலாகக் காட்டுகின்றன.

பதில் (நாகர்கோவில்)
சார்ஜ் மின்னோட்டம் செல்லும் நெகட்டிவ் கம்பியையே அளவீட்டுக்கும் பொதுவாக வைத்திருக்கிறீர்களா? 10 ஆம்பியர் ஓடும் கம்பியில் 10 மில்லிஓம் இருந்தாலே 0.1 வோல்ட் ஆகிவிடும். ஒவ்வொரு பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்தும் தனிக் கம்பி இழுத்து, இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அளந்து பாருங்கள்.